பக்கத்தில் நிற்பது யார்? புதிய செவிலியரின் முதல் வேலை: ஓர் ஆய்வு

நேர்காணல் அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி, மாற்றுச் சான்றிதழ், நான்கு வருட நர்சிங் மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகப் பட்டச் சான்றிதழ், கவுன்சில் பதிவுச் சான்றிதழ் வரை எல்லாம் அதில் இருக்கும். அந்தக் குடும்பம் பதினாறு வருடம் சேர்த்த சொத்து அது. இருபத்தைந்து ஆண்டுகள் செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்தியவள் நான். நேர்காணல் முடிந்து போன் செய்யும் மாணவியிடம் முதலில், "என்னம்மா கேட்டாங்க?" என்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஒரிஜினல் சர்டிஃபிகேட் கொண்டு வந்திருக்கீங்களான்னு கேட்டாங்க மேடம்."

நாடித்துடிப்பைப் பற்றியோ, மருந்துக் கணக்கைப் பற்றியோ, உயிருக்குப் போராடும் நோயாளியிடம் முதலில் எதைப் பார்ப்பாய் என்றோ கேட்கும் முன்பே அந்தக் கேள்வி வந்துவிடுகிறது. புதிதாகத் தேறிவரும் செவிலியரை நம் மருத்துவ உலகம் எப்படி வரவேற்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் நர்சிங் முடித்தவருக்கு ஏதோ ஒரு வேலை கிடைத்துவிடும். சிறு நகரத்து நர்சிங் ஹோம் முதல் சென்னையின் பெரிய மருத்துவமனைகள் வரை ஆள் தேவை எப்போதும் உண்டு. ஆனால் கற்றதைக் கைப்பழக்கமாக மாற்றித் தரும் வேலையும், மானமாகப் பிழைக்கச் சம்பளம் தரும் வேலையும், வேண்டும்போது விட்டுப்போக விடும் வேலையும் ஒரே இடத்தில் அமைவதுதான் அரிது. எல்லாரும் அனுபவம் கேட்கிறார்கள். அந்த அனுபவத்தைத் தருவதை யாரும் தம் கடமையாக எண்ணுவதில்லை. முதல் வேலை என்பது படிப்பின் கடைசி ஆண்டு. அதை அப்படிப் பார்க்கத் தவறியதால்தான் தனியார், அரசு, வெளிநாடு என்ற மூன்று வாசல்களிலும் இந்தப் பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள்.

படித்த இடமும் வேலை இடமும்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியபோது இருந்தவர்கள் நான்கே மாணவியர். அன்று முதல் நெடுங்காலம் பயிற்சி என்பது மருத்துவமனைக்குள்ளேயே நடந்தது. மாணவி தங்கியதும் வேலை பார்த்ததும் கற்றதும் ஒரே வளாகத்தில். ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யில் 1909 முதல் செவிலியர் பள்ளி நடந்து, 1946-இல் பட்டப் படிப்பாக வளர்ந்தது. அங்கும் இதே வழிதான். படிப்பு முடிந்த மறுநாள் அந்தப் பெண் நிற்கும் வார்டு அவளுக்குப் பழகிய வார்டு. எந்த அலமாரியில் எந்த மருந்து இருக்கும், எந்த சிஸ்டரிடம் தயங்காமல் கேட்கலாம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அரசுச் செவிலியர் பள்ளிகளிலும் ஒரு காலம் வரை இப்படித்தான். அங்கே மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு முடித்தவருக்கு அரசு வேலை ஏறக்குறைய உறுதியாக இருந்தது. பிறகு தனியார் நர்சிங் கல்லூரிகள் பெருகின. சொந்த மருத்துவமனையோடு நடக்கும் நல்ல கல்லூரிகள் உண்டு. ஆனால் காகிதத்தில் மட்டும் மருத்துவமனை காட்டிவிட்டு, மாணவிகளைப் பேருந்தில் ஏற்றி அரசு மருத்துவமனை வாசலில் இறக்கிவிடும் கல்லூரிகளும் உண்டு. ஒரு கட்டிலைச் சுற்றி பன்னிரண்டு மாணவிகள் நோட்டுப் புத்தகத்தோடு நின்றால், ஊசி போடுவது யார், பார்ப்பது யார்? படிப்பும் வார்டும் பிரிந்ததால் வந்த பள்ளம் இது.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் பி.எஸ்ஸி. நர்சிங் பாடத்திட்டத்தைப் பருவ முறைக்கு மாற்றியபோது, எட்டாம் பருவத்தை முழுக்க இன்டர்ன்ஷிப்புக்கே ஒதுக்கியது. சரியான திசையில் வைத்த அடி அது. ஆனால் அந்த மாதங்களில் மாணவி உண்மையாக நோயாளியைப் பார்க்கிறாளா, அல்லது ஆள் பற்றாக்குறைக்குச் சம்பளமில்லாத மாற்றாக நிறுத்தப்படுகிறாளா என்பது அந்தந்த மருத்துவமனையின் மனசாட்சியைப் பொறுத்தது.

பதிவு எண்ணும் பெயர்க் குழப்பமும்

பட்டம் கிடைத்தால் மட்டும் ஒருவர் செவிலியர் ஆகிவிட முடியாது. 1926-இன் சென்னைச் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்து, 'பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற பேறுகாலப் பணியாளர்' என்ற தகுதி பெற வேண்டும். சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள அந்த அலுவலகத்தின் படியேறாத செவிலியர் தமிழ்நாட்டில் குறைவு. இப்போது தேசியப் பதிவேட்டில் தனி அடையாள எண்ணும் தருகிறார்கள். பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி நேரங்களும் காட்ட வேண்டும். 1947-இன் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசிய செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறினாலும், பதிவு இல்லாமல் பணி இல்லை என்ற அடிப்படை மாறப்போவதில்லை.

இங்கே நம் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். கவிதா', ஆதாரில் 'கவிதா செல்வம்', பாஸ்போர்ட்டில் 'செல்வம் கவிதா' என்று இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே பெண்தான். ஆனால் வளைகுடா நாட்டுக்காகச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் 'டேட்டாஃப்ளோ' நிறுவனத்துக்கு மூன்றும் மூன்று பேர். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்தால் நான்கு. கடைசி வருடம் படிக்கும்போதே எல்லா ஆவணத்திலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்த்துத் திருத்திக்கொள்வது, பின்னால் பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும். நான் வகுப்பில் இதற்கென்றே ஒரு பாடவேளை ஒதுக்குவேன்.

தனியார் மருத்துவமனை: எளிதில் திறக்கும் கதவு

பெரும்பாலோருக்கு முதல் வேலை தனியாரில்தான். அந்த உலகமும் ஒரே மாதிரி இல்லை. பல கிளைகள் கொண்ட பெருநகர மருத்துவமனைகள், அறக்கட்டளைகளும் மிஷன்களும் நடத்துபவை, மாவட்டத் தலைநகரின் நூறு படுக்கை மருத்துவமனைகள், டாக்டர் தம்பதி வீட்டு மாடியில் நடத்தும் இருபது படுக்கை நர்சிங் ஹோம்கள் என்று நான்கு அடுக்காகப் பிரிக்கலாம்.

பெரிய மருத்துவமனைகள் புதியவர்களைக் கூட்டம் கூட்டமாக எடுக்கின்றன. அனுபவம் பெற்றவர்கள் வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்க்கொண்டே இருப்பதால் அந்த இடங்கள் காலியாகிக்கொண்டே இருக்கின்றன. அங்கே எழுத்துத் தேர்வு, நேர்காணல், சில வார அறிமுகப் பயிற்சி என்று ஒரு முறை இருக்கும். தேசிய தர அங்கீகாரமான 'என்.ஏ.பி.எச்.' பெற்ற மருத்துவமனை புதியவர்களுக்கு அறிமுகப் பயிற்சியும் தொற்றுத் தடுப்புப் பயிற்சியும் தந்தாக வேண்டும். சிறு நர்சிங் ஹோமில் அந்த ஏற்பாடு இருக்காது. ஆனால் அங்கே பிரசவம், எலும்பு முறிவு, பாம்புக்கடி, காய்ச்சல் என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம். கற்றுத்தரும் மூத்த சிஸ்டர் ஒருவர் இருந்தால் சிறிய இடமும் நல்ல பள்ளிக்கூடம். அவர் இல்லாத இடத்தில், இரவு முழுவதும் தனியாக நிற்கும் ஒரு சிறுபெண்ணும் இருபது நோயாளிகளும்தான்.

சம்பளத்துக்கு வருவோம். தனியார் செவிலியரின் ஊதியம் பற்றிய வழக்கில் 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், இதை ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. குழுவின் பரிந்துரை தெளிவானது. 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனையில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100 முதல் 200 வரை என்றால் அதிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்கும் குறைந்த படுக்கை என்றாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. பத்தாண்டு ஆகிறது. என் மாணவிகள் காட்டும் முதல் சம்பளச் சீட்டுகளில் இந்தக் கடைசித் தொகையைத் தொட்டவை மிகக் குறைவு. ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் பிடித்தது போகக் கையில் நிற்பது, கல்விக் கடன் தவணைக்கே போதாது.

கேரளத்தில் செவிலியர் சங்கங்கள் தெருவில் இறங்கிப் போராடின. அதன் பிறகு 2018 ஏப்ரலில் அந்த அரசு 20,000 ரூபாயைச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் தனியார் செவிலியர்களுக்கு அப்படிப்பட்ட பலமான சங்கம் உருவாகவில்லை. அதோடு, ஓராண்டு, ஆறு மாதம் என்று 'நர்சிங்' பெயரில் சான்றிதழ் தரும் அங்கீகாரமில்லாத பயிற்சி நிலையங்கள் ஊர்தோறும் இருக்கின்றன. அங்கே படித்த ஏழைப் பெண்கள் அதே வெள்ளைச் சீருடையில், பாதிச் சம்பளத்தில் நிறுத்தப்படுகிறார்கள். ஏமாந்தவர்கள் அவர்களும்தான். ஆனால் அந்தப் பாதிச் சம்பளமே நான்கு வருடம் படித்தவளின் சம்பளத்தையும் கீழே இழுக்கிறது. நோயாளிக்கு இருவரும் ஒரே 'சிஸ்டர்'.

அடுத்தது பாண்ட். ஓராண்டோ இரண்டாண்டோ வேலை பார்க்க வேண்டும், இடையில் நின்றால் இவ்வளவு ரூபாய் கட்ட வேண்டும் என்று கையெழுத்து வாங்குவது. சட்டம் இதை ஒரேயடியாகத் தடுக்கவில்லை. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், நியாயமான பணிக்கால ஒப்பந்தம் செல்லும் என்றே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு வசூலிக்க முடியாது. நியாயமான இழப்பீடு மட்டுமே கேட்கலாம். மருத்துவமனை அவளுக்காகச் செலவு செய்து பயிற்சி தந்ததா என்பது அப்போது முக்கியமான கேள்வி ஆகிவிடுகிறது.

சான்றிதழைப் பிடித்து வைப்பது வேறு விஷயம். கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருளோ அடகுப் பொருளோ ஆகாது, அதை ஈடாக வைத்திருக்க யாருக்கும் உரிமையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என் மாணவி ஒருத்தி அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்காக ஊருக்குப் போனவள், திரும்பி வேலைக்குப் போக முடியவில்லை. சான்றிதழைக் கேட்கப் போனபோது மருத்துவமனை நிர்வாகம் ஐம்பதாயிரம் கட்டச் சொன்னது. சான்றிதழ் கையில் இல்லாமல் கழிந்த நான்கு மாதங்களில் இரண்டு தேர்வு அறிவிப்புகள் வந்து போயின. கடைசியில் வழக்கறிஞர் நோட்டீஸ் போன மூன்றாம் நாள் ஃபைல் வீட்டுக்கு வந்தது. சரிபார்க்க அசலைக் காட்டலாம். கையில் நகலைத்தான் கொடுக்க வேண்டும். மீறி வாங்கினால், வாங்கியதற்கு எழுத்தில் ரசீது கேளுங்கள். ரசீது தரத் தயங்கும் இடம், திருப்பித் தரவும் தயங்கும்.

அரசு வேலை: நீண்ட வரிசை

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் 'கவர்மென்ட் ஸ்டாஃப் நர்ஸ்' என்ற சொல்லுக்குத் தனி மரியாதை. அந்த வாசலின் சாவி மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்திடம் இருக்கிறது. 2015-இல் வாரியம் 7,243 செவிலியர் இடங்களை அறிவித்தபோது, அரசுப் பள்ளி, தனியார் கல்லூரி என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாரும் எழுதும் போட்டித் தேர்வு நடந்தது. தனியாரில் படித்த பல்லாயிரம் பேருக்கு முதன்முதலாக நம்பிக்கை பிறந்தது. ஆனால் நியமனம் ஒப்பந்த அடிப்படையில். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்.

இரண்டாண்டில் காலமுறை ஊதியத்துக்கு வந்துவிடலாம் என்று நம்பிச் சேர்ந்தவர்கள், அது நடக்காததால் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் கூடிப் போராடினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு கலைந்தார்கள். பின்னர் தொகுப்பூதியம் 14,000 ஆனது. 2022-இல் 18,000 ஆனது. நிரந்தரப் பணியிடம் காலியாகும்போது தொகுதி தொகுதியாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். வரிசையில் பின்னால் நிற்பவருக்கு அந்தக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

கொரோனா காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்டவர்களின் கதை இன்னும் வேதனையானது. வீட்டுக்குப் போகாமல், பி.பி.இ. உடைக்குள் வியர்வையில் ஊறி நின்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டது. மாவட்டச் சுகாதாரச் சங்கங்களின் மூலம் மீண்டும் ஒப்பந்த வேலை தருவதாக அரசு சொன்னது. அவர்களில் பலருக்கு அந்தக் கொரோனா காலப் பணியே முதல் வேலை. முதல் வேலை ஒரு மனிதருக்குக் கற்றுத்தரும் பாடம், 'நீ தேவைப்பட்டபோது மட்டும் வேண்டியவள்' என்பதாக இருக்கலாகாது.

மாவட்டச் சுகாதாரச் சங்கங்கள் வெளியிடும் அறிவிப்புகளைப் புதியவர்கள் பலர் கவனிப்பதே இல்லை. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் துணைச் சுகாதார நிலையங்களில் இடைநிலைச் சுகாதாரப் பணியாளர், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிப்போகும் வலிதணிப்புச் செவிலியர் என்று அங்கே வேலைகள் உண்டு. ஒப்பந்த வேலைதான். ஆனால் சர்க்கரை நோயில் கால் புண்ணான முதியவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கட்டுப்போடும்போது கிடைக்கும் கல்வி எந்த ஐ.சி.யு.விலும் கிடைக்காது. அனுபவச் சான்றும் அரசு முத்திரையோடு வரும்.

மத்திய அரசு வேலைக்கு 'நார்செட்' தேர்வு பெரிய வாசல். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்காக 2020-இல் தொடங்கி, இப்போது முதனிலை, முதன்மை என்று இரண்டு கட்டமாக நடக்கிறது. பி.எஸ்ஸி. முடித்துப் பதிவு பெற்றவர் அனுபவம் இல்லாமலே எழுதலாம். பட்டயம் முடித்தவருக்கு 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டாண்டு அனுபவம் வேண்டும். பொது வயது வரம்பு 18 முதல் 30. ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. எய்ம்ஸ் பணியிடங்களில் 80 சதவீதம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு. அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்கும். புதுச்சேரி ஜிப்மர், ஈ.எஸ்.ஐ., ரயில்வே மருத்துவமனைகளும், பெண்களுக்கு ராணுவச் செவிலியர் பணியும் இந்த வரிசையில் வரும். வட மாநில மாணவர்கள் இரண்டாம் ஆண்டிலிருந்தே இதற்குத் தயாராகிறார்கள். நம் பிள்ளைகள் பட்டம் வாங்கிய பிறகுதான் இப்படி ஒரு தேர்வு இருப்பதையே கேள்விப்படுகிறார்கள். இந்தக் குறை எங்களைப் போன்ற ஆசிரியர்களுடையது, மாணவர்களுடையது அன்று.

கடல் தாண்டும் கனவு

கல்லூரியில் சேரும் அன்றே 'வெளிநாடு' என்ற சொல் காதில் விழுந்துவிடுகிறது. அதில் தவறில்லை. ஆனால் பெரும்பாலான வளைகுடா வேலைகள் ஓராண்டோ இரண்டாண்டோ அனுபவம் கேட்கும். அதற்கு மேல் உரிமத் தேர்வு, சான்றிதழ்ச் சரிபார்ப்பு. இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வில் ஐ.இ.எல்.டி.எஸ். மொத்தம் 7, எழுத்தில் 6.5, அல்லது ஓ.இ.டி.யில் 'பி' தரம், எழுத்தில் 'சி பிளஸ்' வேண்டும். பிறகு கணினித் தேர்வு, அங்கே போய் செய்முறைத் தேர்வு. அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் உரிமத் தேர்வு. ஜெர்மனியில் முழுச் செவிலியராக அங்கீகாரம் பெற ஜெர்மன் மொழியில் பி2 நிலை தேவை. ஆக, முதல் வேலைதான் இந்த எல்லாப் பாலங்களுக்கும் முதல் தூண். அங்கே வாங்கும் அனுபவச் சான்றிதழில் படுக்கை எண்ணிக்கை, வார்டின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் சரியாக இருக்க வேண்டும். போலி அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பவரின் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. சரிபார்ப்பில் சிக்கினால் பதிவுக்கே ஆபத்து.

ஏஜென்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது என்பது குடியேற்ற விதி. லட்சக்கணக்கில் பணம் கைமாறிய மோசடிகளுக்குப் பிறகு 2015-இல் மத்திய அரசு, குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் பணியை அரசு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. தமிழ்நாட்டில் அது 1978 முதல் இயங்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அரசின் அந்த முடிவுக்கு முந்தைய ஆண்டு, 2014-இல், இராக்கின் திக்ரித் நகரில் சிக்கிய 46 இந்தியச் செவிலியர்கள் ஜூலை 5 அன்று கொச்சி வந்து இறங்கியதை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். குண்டு விழும் ஊரைவிட்டுத் திரும்பவும் சிலர் தயங்கினார்கள். ஏஜென்டுக்குக் கொடுத்த கடன் வீட்டில் காத்திருந்தது. கடன் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு, ஆபத்து வந்தாலும் திரும்ப மனம் வராது.

முதல் ஆறு மாதம்

அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் மார்லீன் கிரேமர் 1974-இல் எழுதிய நூலில் புதிய செவிலியர் அனுபவிப்பதை 'யதார்த்த அதிர்ச்சி' என்றார். கல்லூரியில் கற்ற இலட்சியமும் வார்டின் அவசரமும் மோதும் இடத்தில் அந்தப் பெண் உடைந்து போகிறாள் என்றார். பத்தாண்டு கழித்து பாட்ரிசியா பென்னர், செவிலியர் புதியவர் நிலையிலிருந்து வல்லுநர் நிலைவரை ஐந்து படிகளில் வளர்கிறார் என்று காட்டினார். பட்டம் வாங்கியவர் இரண்டாம் படியில்தான் நிற்கிறார். மூன்றாம் படிக்குப் போக நோயாளிகளோடு பழகும் காலமும், கூட நிற்கும் மூத்தவரும் வேண்டும்.

இதை எனக்கு நூலைவிட அழுத்தமாகச் சொன்னது ஒரு மாணவியின் அனுபவம். வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரமே நைட் டூட்டி. அதிகாலை இரண்டு மணி. நோயாளிக்குப் பொட்டாசியம் குறைந்திருந்தது. டாக்டர் போனில், "கே.சி.எல். ஒண்ணு போடுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவள் ஆம்பூலை உடைத்து, பத்து மில்லியையும் சிரிஞ்சில் இழுத்துக்கொண்டு நோயாளியின் கையிலிருந்த வென்ஃபிளான் ஊசிக்குழாயை நோக்கி நடந்தாள். பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். சலைனில் கலந்து, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். தேர்வில் இதை அவள் சரியாக எழுதியிருந்தாள். ஆனால் பதினெட்டு நோயாளிகள், மூன்று புதிய அட்மிஷன், தூக்கமில்லாத ஐந்தாவது இரவு; படித்தது நினைவுக்கு வரவில்லை.

அந்த நேரத்தில் பக்கத்து வார்டு சிஸ்டர் ஐ.வி. செட் கடன் வாங்க வந்தார். சிரிஞ்சைப் பார்த்தார். உடைந்த ஆம்பூலைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து, "நில்லும்மா, இதை பாட்டில்ல போடணும்" என்றார். அவ்வளவுதான். அந்த நோயாளி மூன்று நாளில் நடந்து வீட்டுக்குப் போனார். அவள் இன்று ஒரு பெரிய மருத்துவமனையில் ஐ.சி.யு. இன்சார்ஜ். ஒரு ஐ.வி. செட் தீர்ந்துபோனதால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் இரண்டு என்று நான் எண்ணுவதுண்டு.

போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். பதினெட்டு நோயாளிக்கு இரண்டு வாரப் புதியவரை நிறுத்தும் இடத்தில் தவறு நேர்ந்தால் அது யார் தவறு? விசாரணையில் கையெழுத்துப் போட்டவளின் பெயர்தான் வரும்.

மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து கேட்க வேண்டியவை

நேர்காணலுக்குப் போகிறவர் பாடத்தில் தயாராக இருக்க வேண்டும் என்பதில் மறுபேச்சில்லை. 500 மில்லி சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், செட்டில் மில்லிக்கு 15 துளி என்றால் நிமிடத்துக்கு எத்தனை துளி என்று கேட்டால், ஏறக்குறைய 16 என்று தயங்காமல் வர வேண்டும். இரத்தத்தில் பொட்டாசியத்தின் இயல்பு அளவு, உயிர்காப்பு மசாஜில் முப்பதுக்கு இரண்டு என்ற கணக்கு, மருந்து கொடுக்கும் முன் சரிபார்க்க வேண்டியவை எல்லாம் நுனிநாக்கில் இருக்க வேண்டும். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்தை நினைத்து நடுங்குகிறார்கள். தெரிந்ததைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் சொன்னால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் செவிலியரைத்தான் நல்ல கண்காணிப்பாளர் நம்புவார்.

ஆனால் நேர்காணல் இரு பக்கமும் கேட்பதற்கு உரியது. முதல் சில வாரம் மூத்த செவிலியரோடு டூட்டி தருவீர்களா? எத்தனை நாள் கழித்து இரவில் தனியாக நிற்க வேண்டும்? இரவில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள்? ஊசி குத்திவிட்டால் என்ன ஏற்பாடு, மஞ்சள் காமாலை 'பி' தடுப்பூசி மூன்று தவணையும் போடுவீர்களா? பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா? பாண்டில் என்ன எழுதியிருக்கிறது, அதன் நகல் எனக்குக் கிடைக்குமா? நியமனக் கடிதம் எப்போது தருவீர்கள்? 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தை எல்லாத் தொழிலாளருக்கும் உரிமையாக்கியிருக்கின்றன. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இரண்டு இடம் கிடைத்து, ஒன்றில் இரண்டாயிரம் கூடுதல் சம்பளமும் மற்றதில் இரண்டு மாதம் கூட நின்று கற்றுத்தரும் ஏற்பாடும் இருந்தால், இரண்டாவதை எடுங்கள் என்பேன். வீட்டுக் கஷ்டம் தெரிந்தேதான் சொல்கிறேன். அந்த இரண்டு மாதம் நாற்பது வருட வேலைக்கு அடித்தளம்.

செய்ய வேண்டியவை

தனிப்பட்ட சாமர்த்தியத்தால் மட்டும் இது தீராது. 2016-இன் ஊதியப் பரிந்துரையைத் தமிழ்நாடு அரசு சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமாக அறிவிக்க வேண்டும். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கும் மருத்துவமனைகளின் மீது நடவடிக்கை எடுக்க, பதிவு தரும் கவுன்சிலே புகார் வாங்க வேண்டும். மருத்துவமனைகளுக்கு உரிமம் தரும் அதிகாரிகள் கட்டிலையும் ஜெனரேட்டரையும் எண்ணுவதோடு, இரவு டூட்டிப் பட்டியலையும் பார்க்க வேண்டும். அரசு, தொகுப்பூதியத்தில் எடுப்பவருக்கு நிரந்தரம் எந்த ஆண்டில் என்பதை நியமன ஆணையிலேயே எழுத வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, முதல் ஆண்டை மேற்பார்வையோடு கூடிய பணியாண்டாக அறிவிக்கலாம். இங்கிலாந்தில் புதிய செவிலியருக்கு ஒரு மூத்தவரைத் துணையாக வைக்கும் முறை இருக்கிறது. நமக்கு அது புதிதும் இல்லை. நம் வார்டுகளில் சொல்லாமலே அதைச் செய்துவரும் அக்காக்கள் ஆயிரம் பேர் உண்டு. அவர்களுடைய டூட்டி நேரத்தில் கற்றுத்தரும் பொழுதைக் கணக்கில் சேர்த்து, அதற்கு ஒரு படியும் மரியாதையும் தந்தால் போதும். இன்று அவர்கள் அதைத் தங்கள் சாப்பாட்டு நேரத்தில் செய்கிறார்கள்.

இந்த வருடமும் தேர்வு முடிவு வந்ததும் பிள்ளைகள் போன் செய்வார்கள். "மேடம், ஆறு இடத்துல இன்டர்வியூ இருக்கு, எங்க போகட்டும்?" என்பார்கள். நான் வழக்கம்போல் சம்பளத்தையும் பாண்டையும் விசாரிப்பேன். பிறகு ஒன்று சொல்வேன்: "போற இடத்துல வார்டை ஒரு தடவை சுத்திப் பார்க்கக் கேளும்மா. அங்க புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தி ஊசி போட்டுட்டு இருப்பா. அவ பக்கத்துல யாராவது நிக்கிறாங்களான்னு பாரு."

நிற்கிறார்கள் என்றால், அங்கே சேரட்டும்.